மறுக்கக்கூடிய ஒரு வரி

தம்பி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. இந்தப் பைய மடியிலயே வச்சுக்கிறேன். மேல கம்பியில போட்டா எறங்குற வரைக்கும் அண்ணாந்து பாத்துக்கிட்டே வரணும். அருப்புக்கோட்டைதான போறீங்க? நானும் அங்கதான். வண்டி எப்ப எடுப்பாங்களாம்? டீ குடிக்கப் போயிருக்காரா. மாட்டுத்தாவணியில இதே பொழப்பாப் போச்சு. இஞ்சினை ஓடவிட்டுட்டு டிரைவர் எறங்கிப் போயிருவாரு, நாம உள்ள உக்காந்து ஆடிக்கிட்டே இருக்கணும்.

அந்தா, முன்னாடி ரெண்டாவது சீட்டுல, சன்னலோரமா, ஊதாச் சேலை. பக்கத்துல இருக்க அம்மாகிட்டப் பேசிக்கிட்டு இருக்காங்கல்ல, அது என் வீட்டுக்காரி. இந்திராணி. இல்ல இல்ல, நீங்க எந்திரிக்க வேண்டாம். இடம் மாறணும்னு ஒண்ணும் இல்ல. அவ முதல்ல ஏறினா, நேரா அங்க போய் உக்காந்துட்டா. கூட்டத்துல என்னைக் கவனிக்கல போல. வண்டி பாதி காலியாத்தான் இருக்கு, இருந்தாலும் கவனிக்கல போல.

கண்டக்டர்கிட்ட அவளைக் காட்டி, ரெண்டு அருப்புக்கோட்டைன்னு கேட்டேன். "அந்தம்மா எடுத்துட்டாங்க சார், காரியாபட்டி விலக்கு" அப்படிங்கிறாரு. காரியாபட்டியில எறங்கப் போறதா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. அங்க யாரு இருக்காங்கறது எனக்குத் தெரியும். சொல்றேன், வரிசையாச் சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். நீங்க படிக்கிற பிள்ளைதான? எம்.காமா. அப்ப இந்த 'தீசிஸ் ஸ்டேட்மென்ட்'டுங்கறது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணுமே. தெரியாதா? நல்லதாப் போச்சு. நானும் அது தெரியாமத்தான் நல்லா இருந்தேன்.

என் பேரு ஞானகுருசாமி. கவர்மென்ட் ஆபீஸ்ல ஹெட் கிளார்க்கா இருந்து ரிட்டையர் ஆனவன். நான் டிராஃப்ட் போட்டா ஆபீசர் கண்ண மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடுவாரு. ஏன்னா என் வாக்கியத்துல எவனும் ஓட்டை கண்டுபிடிக்க முடியாது. 'உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளதாகத் தெரிய வருகிறது.' யாரு எடுத்தா, யாருக்குத் தெரிய வந்துச்சு, ஒருத்தரும் கேக்க முடியாது. எழுத்துன்னா அதான் தம்பி. நாளைக்கு ஒருத்தன் வந்து மறுக்கறதுக்கு எடம் குடுக்கக் கூடாது. என் சர்வீஸ்ல ஆட்சேபணைன்னு ஒரு கோப்பு திரும்பி வந்ததில்ல.

மகளைக் கட்டிக் குடுத்தப்பறம் இவளுக்குப் படிப்பு ஆசை வந்துருச்சு. எம்.ஏ. சோசியாலஜி, தபால் வழியில. நான் தடுக்கல. இதை நல்லாக் கேட்டுக்கோங்க, நான் தடுக்கல. அப்ளிகேஷனைப் பூர்த்தி பண்ணினதே நான்தான். 'இப்படிப்பைத் தேர்ந்தெடுத்த காரணம்'னு ஒரு கட்டம் இருந்துச்சு, அதையும் நானே நல்லா எழுதிட்டேன். அவளைக் கேக்க வேண்டிய அவசியமே வரல.

ஞாயித்துக்கிழமை மதுரையில ஒரு காலேஜ்ல வகுப்பு. பெனிட்டான்னு ஒரு மேடம், தூத்துக்குடிப் பக்கத்துப் பொண்ணு. எங்க மகளை விடச் சின்னது. உக்காந்து படிக்கறவங்க பூரா நடுவயசு, ஒரு நர்சம்மா, ரெண்டு அங்கன்வாடி டீச்சரு, ஒரு போலீஸ்காரர்கூட இருக்காரு. அவங்களுக்கு அந்தப் பொண்ணு ஒரு வேலை குடுத்திருக்கு. உங்க தெருவுல வந்த ஒரு மாற்றத்தைப் பத்திக் கட்டுரை எழுதணும். ஆனா கட்டுரைக்கு முன்னாடி ஒரே ஒரு வரி எழுதிட்டு வரணும். மொத்தக் கட்டுரையும் அந்த ஒரு வரிக்காகத்தான் நிக்கணுமாம். அதுக்குத்தான் தீசிஸ் ஸ்டேட்மென்ட்டுன்னு பேரு.

ஒரு வரிதான, உக்காரு, நான் சொல்றேன் எழுதுன்னேன். எங்க தெருவுக்கு வந்த பெரிய மாற்றம் வீட்டுக் குழாய். அதுல ரெண்டாவது பேச்சுக்கே எடமில்ல. 'நீரானது மனித வாழ்விற்கு இன்றியமையாதது' அப்படின்னு ஆரம்பிச்சுக் குடுத்தேன். அந்த மேடம் அதைப் படிச்சுட்டு, "இதை யாராச்சும் இல்லன்னு சொல்வாங்களாம்மா?"ன்னு கேட்டுச்சாம். இவ, யாரும் சொல்ல மாட்டாங்க மேடம்னிருக்கா. "அப்ப இதுக்காக நீங்க ஏன் பத்துப் பக்கம் எழுதணும்? எல்லாரும் ஒத்துக்கிடறது தகவல். ஒருத்தராவது எந்திரிச்சு, அதெப்படின்னு கேக்கணும். அப்பத்தான் அது உங்க கருத்து."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. ஒருத்தன் எந்திரிச்சுக் கேக்கற மாதிரி எழுதினதுக்கு எங்க ஆபீஸ்ல மெமோ குடுப்போம் தம்பி. இங்க அதுக்கு மார்க்கு.

அடுத்த வாரம், 'இக்கட்டுரை எங்கள் தெருவின் குடிநீர்க் குழாய்களைப் பற்றி ஆராய்கிறது'ன்னு போட்டா. ஆராயப் போறேன்னு சொல்றது சரி, ஆராஞ்சு என்ன கண்டீங்கன்னு கேட்டிருக்கு அந்தப் பொண்ணு. அப்புறம், 'குழாய் வந்ததால் பெண்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்களா?'ன்னு எழுதினா. கேள்வியை எங்கிட்டக் குடுத்துட்டுப் போறீங்களேம்மா, பதில் யாரு சொல்லுவான்னுச்சாம். அப்புறம் 'பல மாற்றங்களைக் கொண்டு வந்தது'. எந்த மாற்றம், யாருக்குன்னுச்சாம்.

இப்படியே போச்சு. வீட்டுல இருப்புக் கொள்ளல அவளுக்கு. அரிசி களைஞ்சுக்கிட்டே வாய்க்குள்ள ஒரு வரி சொல்லுவா, நின்னுருவா, திருப்பிச் சொல்லுவா. துணி காயப்போடப் போனவ கொடிக்குக் கீழ ஈரச் சேலையக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நிப்பா. சாம்பார்ல உப்பு இருக்காது. ஒரு வரிக்கு இந்தப் பாடான்னு கேட்டா, "இல்லங்க, நான் என்ன நெனைக்கிறேன்னு எனக்கே தெரியல. யாரும் கேட்டதில்ல பாருங்க"ம்பா. யாரும் கேட்டதில்லையாம். நான் அதே வீட்டுலதான் இருக்கேன்.

எடுத்துட்டாரு பாருங்க வண்டிய. அந்தக் கண்ணாடிய ஏத்தி விடுங்க, காத்து வரட்டும். வேண்டாம், எறக்கிருங்க, தூசி. சரி, பாதி இருக்கட்டும்.

அந்தக் குழாயப் பத்திச் சொல்லணும். எங்க தெருவுல முன்னாடி ஒரே ஒரு தெருக்குழாய்தான். தண்ணி எப்பவும் வராது, முறை வச்சுத்தான் விடுவாங்க. முறை அன்னைக்கு விடியறதுக்கு முன்னாடியே கொடம் வரிசை கட்டிரும். பொம்பளைங்க சத்தம் தெரு முனை வரைக்கும் கேக்கும். நான்தான் குடியிருப்போர் சங்கச் செயலாளர். இப்பவும் நான்தான். வீட்டுக்கு வீடு இணைப்பு வேணும்னு மனு போட்டு, ஆபீஸ் ஆபீஸா ஏறி எறங்கி, எத்தனை பேரு கால்ல விழாத குறை. கடைசியில வந்துச்சு. தெருக்குழாயப் பிடுங்கிட்டு அந்த எடத்துல சிமெண்ட் பூசி ஒரு கல்லு வச்சிருக்கோம். என் பேரு இருக்கு அதுல. அருப்புக்கோட்டை வந்தா ஒரு எட்டு வந்து பாருங்க.

என் ஆயுசுல நான் செஞ்ச நல்ல காரியம்னா அது ஒண்ணு. இவ இடுப்புல கொடம் வச்சு வச்சு, குனிஞ்சு எந்திரிக்க மாட்டாம இருந்தா. அதையும் நெனச்சுத்தான் அலைஞ்சேன். இதை நான் அவகிட்டச் சொன்னதில்ல. சொல்லித்தான் தெரியணுமா?

ஒரு நாள் மத்தியானம், சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். ரசம் ஊத்திக்கிட்டே, "கெடச்சிருச்சுங்க"ன்னா. என்னன்னேன். சொன்னா. எனக்கு இப்பவும் மனப்பாடம். 'எங்கள் தெருவுக்கு வீட்டுக் குழாய் வந்தபோது பெண்கள் பெற்றது தண்ணீர். இழந்தது, தங்களைத் தேடி வரும் ஆட்களை.'

எனக்கு ரசம் எறங்கல தம்பி. நான் என்ன செஞ்சேன்னே தெரியாத ஒரு ஆளு எழுதினாச் சரி. என் வீட்டுக்குள்ள, என் குழாய்த் தண்ணியில ரசம் வச்சுக்கிட்டு. "கொடம் தூக்கினது மறந்துபோச்சா?"ன்னேன். "மறக்கலங்க. தண்ணி பெற்றதுன்னு முதல்ல அதைத்தான் போட்டிருக்கேன்"னா. "தேடி வர்ற ஆளுன்னா? யாரு யாரைத் தேடி வந்தா?" "முறை அன்னைக்கு ஒருத்தி கொழாயடிக்கு வரலன்னா, அவ கொடத்தை வரிசையில நகத்தி வச்சுட்டு ஒருத்தி போய்க் கதவைத் தட்டுவா. காய்ச்சலா, சண்டையா, என்னன்னு பாப்பா. இப்ப யாரு வரலன்னு யாருக்குத் தெரியும்?" அப்படின்னுட்டு, எழுதினதை எடுத்துட்டு வந்து ரஞ்சிதத்தைப் பத்தி ஒரு பகுதி படிச்சுக் காட்டினா.

ரஞ்சிதம் எங்க வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி இருந்த பொம்பளை. வீட்டுலயே தையல் மிஷின் போட்டு ரவிக்கை தைக்கும். புருசன் லாரியில போனா வர்றதுக்கு வாரக்கணக்காகும், பிள்ளை கிடையாது. தெருக்குழாய் இருந்த காலத்துல அதுதான் முதல் ஆளா வந்து நிக்கும், பெரிய சத்தமும் அதோட சத்தம்தான். வீட்டுக் குழாய் வந்தப்பறம், தண்ணி விடுற முறை அன்னைக்கு ஒரு நாள், அது கொல்லையில குழாயடியில வழுக்கி விழுந்துருச்சு. இடுப்பெலும்பு போயிருச்சு. எந்திரிக்க முடியல. குழாய் தொறந்தபடி. தண்ணி முற்றம் நெறஞ்சு கேட்டுக்குக் கீழ தெருவுல ஓடுது.

நான்தான் பாத்தேன். செயலாளர் பாக்காம வேற யாரு பாப்பா? கேட்டுல நின்னு, "ரஞ்சிதம், தண்ணிய நிறுத்துங்க, கடைசி வீட்டுக்காரங்க சொட்டுத் தண்ணி இல்லாம இருக்காங்க"ன்னு சத்தம் போட்டேன். பதில் இல்ல. மறுபடியும் போட்டேன். உள்ள மிஷின்ல இருக்கும், திமிரு, அப்படின்னு நெனச்சேன். யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனைக்கத் தோணும். வீட்டுக்கு வந்து ஒரு நோட்டீஸ் எழுதி, கொண்டுபோய்க் கேட்டுல ஒட்டிட்டு வந்தேன். தண்ணி வீணாக்கினா இணைப்பு துண்டிக்கப் பரிந்துரைக்கப்படும்னு. மறுநாள் பால் ஊத்த வந்தவர் நோட்டீஸைப் பாத்துட்டுத்தான், என்னமோன்னு உள்ள எட்டிப் பாத்திருக்காரு. ஒரு வகையில என் நோட்டீஸ்தான் காப்பாத்துச்சுன்னு சொல்லணும். அதை யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க.

பொழச்சுக்கிருச்சு. ஆனா ஊன்றுகோல் இல்லாம நடக்க முடியாது. மிஷினை மிதிக்க முடியாது. புருசன் கொண்டுபோய் அக்கா வீட்டுல விட்டுட்டுப் போயிட்டாரு, காரியாபட்டியில. ஆமா, அதான். அங்கதான் இவ எறங்கப் போறா.

இதை எல்லாம் கட்டுரையில எழுதியிருந்தா. 'சங்கச் செயலாளர் வாயிலில் நின்று தண்ணீர் வீணாவதைக் கண்டித்துச் சென்றார். உள்ளே செல்லவில்லை' அப்படின்னு ஒரு வரி. படிக்கறப்ப என்னை ஏறிட்டுப் பாக்கல. நான் கையைக் கழுவிட்டு எந்திரிச்சுப் போயிட்டேன். கோவமான்னா, கோவம் இல்ல. எழுதற முறை இதில்லன்னு ஒரு வருத்தம்.

அதை டைப் அடிக்கக் குடுக்கணும்னா. எங்க தெரு முக்குல டி.டி.பி. கடை. வெயில்ல நீ போக வேண்டாம், நான் கொண்டு போறேன்னேன். போற வழியில நிழல்ல நின்னு ஒருக்காப் படிச்சேன். பேனா சட்டைப் பையில எப்பவும் இருக்கும். முதல்ல இருந்த அந்தத் தீசிஸ் வரிய மட்டும் கோடு போட்டு அடிச்சுட்டு, 'வீட்டுக் குடிநீர் இணைப்பினால் பல நன்மைகளும், தவிர்க்க இயலாத ஒருசில சங்கடங்களும் ஏற்பட்டுள்ளதாக அறியப்படுகிறது'ன்னு எழுதினேன். பொறுப்புல இருக்கறவரைப் பத்தி எழுதறப்ப ஒரு கண்ணியம் வேணும், அதனால 'சங்கச் செயலாளர்'ங்கறதை 'ஒருவர்'னு மாத்தினேன். மத்தபடி ஒரு புள்ளிகூடத் தொடல. நம்ம வீட்டுல இருந்து வெளிய போற எழுத்து, நாளைக்கு ஒருத்தன் கை நீட்டிக் கேக்கக் கூடாதுல்ல? அவளைக் காப்பாத்தத்தான் செஞ்சேன்.

அவ திருப்பிப் பாக்காமக் கொண்டுபோய்க் குடுத்திருக்கா. என் மேல அவ்வளவு நம்பிக்கை. மேடம் எல்லார் முன்னாடியும் அந்த வரிய வாய்விட்டுப் படிச்சிருக்கு. படிச்சுட்டு, "போன வாரம் அத்தனை பேசினீங்களே இந்திராணிம்மா. இந்த வரியில நீங்க எங்க இருக்கீங்க?"ன்னு கேட்டிருக்கு.

வீட்டுக்கு வந்தா. பைய வச்சா. தண்ணி குடிச்சா. அப்புறம் ரொம்ப மெதுவாத்தான் கேட்டா, "எதுக்குங்க மாத்துனீங்க?"ன்னு. நான் சொன்னேன், "ஒரே ஒரு வரிதானம்மா மாத்துனேன். மீதி பத்துப் பக்கமும் உன்னோடதுதான"ன்னு. அவ என்னைப் பாத்தா. "பத்துப் பக்கமும் தெருவுல நடந்ததுங்க, புஸ்தகத்துல இருந்ததுங்க. அந்த ஒரு வரிதான் என்னோடது."

அதுக்கப்பறம் சண்டை இல்ல ஒண்ணும் இல்ல. சோறு உண்டு, காப்பி உண்டு. சாம்பார்ல உப்பு சரியா இருக்கும். அதான் எனக்குச் சரியாப் படல. முன்னாடி வாய்க்குள்ள முணுமுணுத்துக்கிட்டே இருந்தாளே, அதும் நின்னுருச்சு. எழுதறதெல்லாம் என் கண்ணுல படாமத்தான். நான் வெளிய போனா எழுதுவா, நான் வந்தா எடுத்து வச்சுருவா. நானும் சும்மா சும்மா வெளிய போக ஆரம்பிச்சேன். எங்க போறதுன்னு தெரியாம, கோயில் வரைக்கும் போறது, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போறது, ரெண்டு வண்டியப் பாத்துட்டுத் திரும்பறது.

வலையங்குளம் தாண்டிருச்சா? இன்னும் வரலையா. நான் தாண்டிருச்சுன்னு நெனச்சேன். பாருங்க, இன்னமும் அந்தம்மாகிட்டப் பேசிக்கிட்டே வர்றா. முன்னப் பின்னத் தெரியாத பொம்பளை. அப்படி என்னதான் பேசுவாங்களோ.

இன்னைக்கு அந்தக் காலேஜ்ல கருத்தரங்கு. எழுதினவங்க எல்லாரும் மேடையேறி வாசிக்கணும். காலையில, "சோறு வடிச்சு வச்சிருக்கேன், குழம்பு சூடு பண்ணிக்கோங்க, நான் பேசப் போறேன்" அப்படின்னா. பேசப் போறேன்னா. வகுப்புக்குப் போறேன்னு சொல்லல. முதல் வண்டிக்குப் போயிட்டா. நான் கொஞ்ச நேரம் உக்காந்து பாத்தேன். முடியல. சட்டைய மாட்டிக்கிட்டு அடுத்த வண்டியப் பிடிச்சேன். ஒருத்தராவது எந்திரிச்சு மறுக்கணும்னு அந்த மேடமே சொல்லியிருக்குல்ல? அந்த ஒருத்தன் நானா இருந்துட்டுப் போறேன். என்ன தப்பு?

கடைசி வரிசையில உக்காந்தேன். அவ மேடையில ஏறினா. இதே ஊதாச் சேலைதான். மைக்கைக் கொஞ்சம் எறக்கிக்கிட்டா. அந்தப் பழைய வரிய அப்படியே படிச்சா, தண்ணீர், ஆட்கள், அது. குரல் நடுங்கல. ரஞ்சிதம் விழுந்ததுக்கு வந்தப்ப, செயலாளர்னு படிப்பாள்னு பாத்தேன். இல்ல. 'ஒருவர் வாயிலில் நின்று கண்டித்துச் சென்றார்'னு படிச்சா. ஒருவர். என் திருத்தம் அது ஒண்ணு மட்டும் இருந்துச்சு. பாத்தீங்களா, ஒண்ணையாவது சரின்னு எடுத்துக்கிட்டா.

முடிஞ்சதும் மேடம், யாருக்காவது மாற்றுக் கருத்து இருக்கான்னு கேட்டுச்சு. எந்திரிச்சேன். அவ என்னை அப்பத்தான் பாத்தா. நான் நல்லாத்தான் பேசினேன் தம்பி. வெயில்ல நின்னது, கொடச் சண்டை, கர்ப்பிணிப் பொண்ணுங்க தண்ணி சுமந்தது, இடுப்பு வலி. "கொழாயடியில பேசணும்னு பொம்பளைங்க சுமக்கணுமா? பேசறதுக்கு வேற எடம் தேடிக்கலாம், போன இடுப்பத் தேடிக்க முடியாது"ன்னேன். கை தட்டினாங்க. உண்மையாவே தட்டினாங்க. மேடம்கூடத் தலையாட்டுச்சு. அதோட உக்காந்திருக்கணும். ஆனா, தகவல்ல ஒரு குறை இருந்தா அதை நிவர்த்தி பண்ணணும்ல? அதனால, "கட்டுரையில ஒருவர்னு இருக்கு. அந்த ஒருவர் நான்தான். குடியிருப்போர் சங்கச் செயலாளர். கேட்டுல நின்னு கண்டிச்சதும் நான்தான், நோட்டீஸ் ஒட்டினதும் நான்தான். தண்ணி வீணாகறதைத் தடுக்கறது என் பொறுப்பு"ன்னு சொன்னேன்.

இந்தத் தடவை யாரும் கை தட்டல. நான் சொன்னது அவங்களுக்கு உறைச்சிருக்கும்னு நெனைக்கிறேன். மேடம், "இந்திராணிம்மா, பதில் சொல்றீங்களா?"ன்னு கேட்டுச்சு.

என்னை வாங்கு வாங்குன்னு வாங்குவாள்னு நெனச்சேன். அவ மைக்கைப் பிடிச்சுக்கிட்டு இப்படிச் சொன்னா. "அவர் சொன்னது எல்லாம் வாஸ்தவம். அவர் அலையலன்னா எங்களுக்குத் தண்ணி இல்ல, என் இடுப்பும் இல்ல. கேட்டுல அவர் நின்னு சத்தம் போட்டது எனக்குக் கேட்டுச்சு. நான் ரெண்டு வீடு தள்ளி என் டிரம்மு நெறையறதைப் பாத்துக்கிட்டு இருந்தேன். ரஞ்சிதம் பதில் பேசலயேன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. பதில் பேசாத ஆளே இல்ல அவ. அப்படியும் நான் போகல. என் டிரம்மு நெறஞ்சுக்கிட்டு இருந்துச்சு. பழைய கொழாயடியா இருந்தா நான் போயிருப்பேன். இந்தக் கட்டுரைய அவரைப் பத்தி எழுதல. என்னைப் பத்தித்தான் எழுதினேன்."

அவ்வளவுதான் சொன்னா. அப்பறம்தான் கை தட்டினாங்க. எனக்குத் தட்டினதை விட ஜாஸ்தி இல்ல, ஆனா நிக்காமத் தட்டினாங்க. நான் உக்காரவா நிக்கவான்னு தெரியாம நின்னுக்கிட்டு இருந்தேன்.

அப்பறம் டீயும் வடையும் குடுத்தாங்க. எல்லாரும் மரியாதையாத் தள்ளித் தள்ளி நின்னாங்க. அந்த நர்சம்மா மட்டும் டீயோட கிட்ட வந்து, "அன்னைக்கு ஏன் சார் உள்ள போகல?"ன்னு கேட்டாங்க. பொம்பளை தனியா இருக்க வீடும்மா, ஆம்பளை நாம எப்படி உள்ள போறதுன்னேன். நியாயமான பதில்தான. அவங்களும் சரிதான் சார்னாங்க. சரிதான்னு சொல்லிட்டு, "ரெண்டு வீடு தள்ளித்தான உங்க வீடு. வீட்டம்மாவக் கூப்பிட்டு, போய்ப் பாருன்னு சொல்லியிருக்கலாமே?"ன்னாங்க.

வடை கையில இருக்கு. நோட்டீஸ் எழுத வீட்டுக்குத்தான வந்தேன் நான். இவ கொல்லையில இருந்தா. வெள்ளைத் தாள் எங்கன்னு கேட்டேன், எடுத்துக் குடுத்தா. அவளும் என்னன்னு கேக்கல, நானும் சொல்லல. ஒரு வார்த்தை, இந்த மாதிரி ரஞ்சிதம் பதில் பேச மாட்டேங்குது, என்னன்னு பாருன்னு. அது எனக்குத் தோணவே இல்ல தம்பி. அதுக்கு ஒரு காரணம் இருக்கும். காரியாபட்டி வர்றதுக்குள்ள கண்டுபிடிச்சுறலாம்னு பாக்குறேன், வாக்கியமா வர மாட்டேங்குது. 'அன்றைய சூழ்நிலையில்' அப்படின்னு ஆரம்பிக்குது, ஆரம்பிச்ச எடத்துலயே நிக்குது. சூழ்நிலைன்னு ஒண்ணும் இல்லையே. நான் இருந்தேன், அவ இருந்தா.

பஸ் ஸ்டாண்டுக்கு வர்றப்ப பக்கத்துல நடந்து வந்தா. "ரஞ்சிதத்துக்கு இதைப் படிச்சுக் காட்டணும்"னு மட்டும் சொன்னா. என்னைக்கோ ஒரு நாள் போவாள்னு நெனச்சேன். இன்னைக்கேன்னு கண்டக்டர் சொல்லித்தான் தெரியுது. என்னை வான்னும் சொல்லல, வராதேன்னும் சொல்லல. வான்னு சொன்னா, எனக்கு வேலை இருக்குன்னு சொல்லலாம். வராதேன்னா, அதெப்படி வராம இருக்கறதுன்னு கேக்கலாம். ஒண்ணுமே சொல்லலன்னா மனுசன் என்ன செய்யறது?

நீங்களா இருந்தா எறங்குவீங்களா தம்பி? இல்ல, சொல்லுங்க, சும்மா ஒரு பேச்சுக்கு. சிரிக்கிறீங்க. எறங்கிப் போய் என்ன பேசறது. நல்லா இருக்கியாம்மான்னு கேக்கலாம். நல்லா இல்லன்னு பாத்தாலே தெரியும். டிக்கெட் வேற அருப்புக்கோட்டைக்கு எடுத்தாச்சு.

விசில் குடுத்துட்டாரு. விலக்கு வந்துருச்சு போல. அவ எந்திரிச்சுட்டா. அந்தம்மா கையைப் பிடிச்சு என்னமோ சொல்லிட்டு வர்றா. படிக்கிட்ட வந்துட்டா. கண்டக்டர் கேக்குறாரு, காரியாபட்டி எத்தனை பேருன்னு. என்ன சொன்னா? கேட்டுச்சா உங்களுக்கு? "ஒண்ணா ரெண்டான்னு பின்னாடி இருக்கவருகிட்டக் கேளுங்க"ன்னா சொன்னா?

திரும்பிப் பாக்கல பாருங்க. சொல்லிட்டு எறங்கிட்டா. ரோட்டோரமா நிக்கிறா, நடக்கல, நிக்கிறா.

என்ன கண்டக்டர். ஆமா, எனக்கு அருப்புக்கோட்டைதான் எடுத்திருக்கு. அந்த வகையில பாத்தா... இல்லங்க, இந்த நிலையில உடனடியாச் சொல்றதுக்கு... கத்தாதீங்க, வண்டி நிக்கறது எனக்கும் தெரியுது.

தம்பி, காலை மடக்குங்க. என்ன பேசுவேன்னு தெரியல, விடுங்க. வழி விடுங்க.

கண்டக்டர், ரெண்டு பேரு.